ரீகால் வந்தால் என்ன செய்வது? முதல் கார் வாங்கிய குடும்பத்துக்கு

ஒரு மாடலுக்கு ரீகால் என்று செய்தி வந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "அந்த வண்டியே சரியில்லை, அப்பவே சொன்னேன்" என்பார் ஒருவர். "நம்ம வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அலையணும்" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது பெரும்பாலும் தவறு. இரண்டாமவர் சொல்வது ஆபத்து.

ரீகால் என்பது, குறிப்பிட்ட காலத்தில் தயாரான குறிப்பிட்ட வண்டிகளில், பெரும்பாலும் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து தரக்கூடிய குறை இருக்கிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு, அல்லது அரசு சொல்லி ஒப்புக்கொண்டு, இலவசமாகச் சரிசெய்து தருவது. வண்டி நம்பகமானதா என்பது வேறு கேள்வி. அடிக்கடி வழியில் நிற்கிறதா, கியர்பாக்ஸ் தாங்குகிறதா, ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு செலவு வைக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நல்ல வண்டியைத் தள்ளிவிடுவோம், அல்லது சரிசெய்ய வேண்டிய வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்போம்.

ஜப்பானிய ஏர்பேக் தயாரிப்பாளரான டகாட்டாவின் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக்கை விரிய வைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் பல வருடம் சேர்ந்து அதைக் கெடுத்துவிட, ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலில் வந்தன. டகாட்டா 2017-ல் திவாலானது. மாட்டிய வண்டிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பல லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்று பெயர் வாங்கிய ஹோண்டா, டொயோட்டா கார்களும் உண்டு. வண்டி அருமையாக ஓடிக்கொண்டே இருந்தது; குறை ஸ்டியரிங் நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை ஃபோர்டின் பவர்ஷிஃப்ட்: இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களில் உதறல், தயக்கம், இழுவை இல்லாமை என்று உலகம் முழுக்கப் புகார். 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஃபோர்டின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அந்த வண்டியை வைத்திருந்தவர்களின் அவஸ்தையை ரீகால் பட்டியலை மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

சரி, வேலையைப் பார்ப்போம்.

முதல் வேலை: சேசிஸ் நம்பரை எடுத்து வையுங்கள்

ரீகால் மாடல் பெயரை வைத்து முடிவாவதில்லை. ஒரே மாதத்தில் ஒரே நிறத்தில் வாங்கிய இரண்டு கார்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. முடிவு செய்வது 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண். வின் நம்பர் என்பார்கள், பேச்சுவழக்கில் சேசிஸ் நம்பர்.

பதிவுச் சான்றிதழிலும் இன்ஷூரன்ஸ் தாளிலும் இது இருக்கும். ஆனாலும் வண்டியிலேயே ஒருமுறை பாருங்கள். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் மூலையில், டேஷ்போர்டு மேல், வெளியே நின்று குனிந்து பார்த்தால் தெரிகிற மாதிரி சின்னத் தகடு இருக்கும். அங்கே இல்லையென்றால் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடுகிற தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: இந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்தும் வராது. ஓ மாதிரி தெரிவது பூஜ்யம், ஐ மாதிரி தெரிவது ஒன்று. "இந்த எண் செல்லாது" என்று இணையதளம் சொல்லும்போது பாதி நேரம் காரணம் இதுதான்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாராகி, பிறகு பழைய வண்டியாக வேறு நாட்டுக்குப் போன கார்களுக்கு இந்த 17 இலக்க எண் இருக்காது. சில எழுத்துகள், நடுவில் ஒரு கோடு, பிறகு எண்கள் என்று குட்டையாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை உள்ளூர் டீலரின் கம்ப்யூட்டர் அடையாளம் காணாமல் போகலாம். கம்பெனியின் ஜப்பானிய இணையதளத்தில்தான் தேட வேண்டும்; மொழிபெயர்ப்புக் கருவி உதவியோடு செய்துவிடலாம்.

அடுத்து: மூன்று இடத்தில் தேடுங்கள்

கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கம் இருக்கும், அங்கே எண்ணைப் போடுங்கள். பிறகு உங்கள் நாட்டின் அரசு அமைப்பின் பக்கம். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ., கனடாவில் டிரான்ஸ்போர்ட் கனடா. பிரிட்டனில் அரசின் தளத்தில் வண்டியின் பதிவு எண்ணைப் போட்டாலே சொல்லிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேஃப்டி கேட் என்ற எச்சரிக்கைப் பட்டியல் உண்டு. அதில் மாடலும் தயாரிப்புக் காலமும் இருக்கும், உங்கள் தனி வண்டியைச் சொல்லாது. இந்தியாவில் கார் தயாரிப்பாளர் சங்கமான சியாம் தன் தளத்தில் ரீகால் பட்டியல் வைத்திருக்கிறது. மூன்றாவதாக, டீலரின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, "இந்த சேசிஸ் நம்பருக்கு முடிக்காத ரீகால் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். "முடிக்காத" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள்.

எதுவும் இல்லை என்று வந்தால் சந்தோஷம், ஆனால் அது அன்றைய தேதிக்கு மட்டும். புதிதாக அறிவித்த ரீகாலில் எல்லா எண்களும் பட்டியலில் ஏறக் கொஞ்ச நாள் பிடிக்கும். அமெரிக்கத் தளம் 15 வருடத்துக்கு மேல் பழைய ரீகால்களைக் காட்டாமல் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, டயர் மாற்றி மாட்டும்போதோ சர்வீஸுக்கு விடும்போதோ, மறுபடி பார்க்கும் பழக்கம் போதும்.

கடிதம் வரும் என்று காத்திருப்பது பழைய வண்டி வாங்கியவர்களுக்குச் சரிப்படாது. கம்பெனியிடம் இருப்பது முதல் உரிமையாளரின் முகவரியாக இருக்கலாம். கம்பெனியின் தளத்தில் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீங்களே பதிந்துவிடுங்கள்.

அறிவிப்பைப் படிப்பது

ரீகால் அறிவிப்பில் நாலு விஷயம் இருக்கும்: எந்தப் பாகம், என்ன குறை, என்ன நடக்கலாம், என்ன செய்து தருவார்கள். எல்லோரும் நாலாவதைத் தேடி ஓடுவார்கள். நான் மூன்றாவதில் நிற்கச் சொல்வேன், ஏனென்றால் இன்றைக்கு வண்டியை எடுக்கலாமா என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

"ஓட்ட வேண்டாம்" என்று போட்டிருந்தால் ஓட்டாதீர்கள். சர்வீஸ் சென்டர் வரைக்கும்கூட வேண்டாம். வண்டியைத் தூக்கிச்செல்லும் வசதியை அவர்களிடம் கேளுங்கள். டகாட்டாவில் ஒரு வகை இன்ஃப்ளேட்டர், 2001 முதல் 2003 வரையான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் இருந்தது. விபத்தில் அது வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருப்பதாகச் சோதனையில் தெரிந்து, அவற்றை ஓட்டவே வேண்டாம் என்று 2016-ல் என்.எச்.டி.எஸ்.ஏ. சொன்னது.

"வெளியில் நிறுத்தவும்" என்பது இன்னொரு வகை. 2023-ல் ஹூண்டாய், கியா இரண்டும் சேர்ந்து அமெரிக்காவில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை இப்படி அறிவித்தன. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பாகத்துக்குள் பிரேக் திரவம் கசிந்து மின்கசிவு ஏற்பட்டால், எஞ்சினை அணைத்து நிறுத்திய பிறகும் தீப்பிடிக்கலாம் என்பதுதான் சிக்கல். வீட்டோடு ஒட்டிய கராஜில் வண்டி, மேலே படுக்கையறை என்று இருப்பவர்கள் இந்த வரியைப் படித்த அன்றே வண்டியை வெளியே விட வேண்டும். 2021-ல் செவ்ரலே போல்ட் மின்சாரக் காருக்கும் இதே மாதிரி அறிவுரை வந்தது. கூடவே 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம், பேட்டரியை ஒரேயடியாக இறக்கவும் வேண்டாம் என்றார்கள்.

சில அறிவிப்புகளில் தற்காலிகமாக நாமே செய்துகொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் ரீகால், 2014. ஓடும்போதே சாவி தானாக ஒரு படி பின்னால் நழுவிவிடும். எஞ்சின் அணையும், ஸ்டியரிங் கனத்துப் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது. அந்தக் குறையால் 124 பேர் இறந்ததாகக் கம்பெனியின் இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. சுவிட்ச் மாற்றும் வரை சாவிக்கொத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் சாவியை மட்டும் போட்டு ஓட்டச் சொன்னார்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தொங்குகிற எடைதான் சாவியைத் திருப்பியது.

மற்ற ரீகால்களில் வண்டியை ஓட்டிக்கொண்டே தேதி வாங்கலாம். மானுவலில் அச்சுப்பிழை, ஸ்டிக்கரில் தவறான எடை என்றுகூட ரீகால் வருவதுண்டு. அதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த சர்வீஸோடு முடித்துவிடலாம்.

சர்வீஸ் சென்டரில்

தேதி வாங்கும்போது ரீகால் எண்ணையும் சேசிஸ் நம்பரையும் சேர்த்தே சொல்லுங்கள். பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். "பார்ட் இன்னும் வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறோம்" என்ற பதில் பெரிய ரீகால்களில் சகஜம். முதலில் குறையைச் சொல்லி ஒரு கடிதம், பாகம் தயாரானதும் இன்னொரு கடிதம் என்று கம்பெனிகளே இரண்டு தவணையில் அனுப்புவதும் உண்டு. அதுவரை மாற்று வண்டி தருவார்களா என்று கேளுங்கள். "ஓட்ட வேண்டாம்" என்று சொன்ன வண்டிக்கு நிறைய கம்பெனிகள் தந்திருக்கின்றன, ஆனால் கேட்டவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும்.

வாரண்டி முடிந்துவிட்டது, நீங்கள் மூன்றாவது உரிமையாளர், வெளியில் சர்வீஸ் செய்தீர்கள் என்ற காரணங்கள் பொதுவாக ரீகாலுக்குப் பொருந்தாது. வாரண்டி என்பது விற்கும்போது கம்பெனி தரும் உறுதி, ரீகால் என்பது பாதுகாப்புக் கடமை. எத்தனை வருடம் வரை இலவசம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சட்டத்தில் முதல் விற்பனையிலிருந்து 15 வருடம். அதே குறையை ரீகால் வரும் முன்பே சொந்தச் செலவில் சரிசெய்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறதா என்று அறிவிப்பில் பாருங்கள், பல அறிவிப்புகளில் இருக்கும்.

ரீகாலுக்கு விட்ட வண்டிக்கு "பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, சஸ்பென்ஷன் புஷ் போய்விட்டது" என்று ஒரு பட்டியல் வரும். சிலது உண்மையாகவே இருக்கும். எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, வேறொரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். இலவச வேலைக்குப் போன இடத்தில் அவசரமாகப் பணம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வண்டியை எடுக்கும்போது, செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டில் ரீகால் எண், மாற்றிய பாகம், தேதி, கிலோமீட்டர் நாலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். "சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்றும் போட்டிருக்கலாம். பல ரீகால்களில் முதலில் சோதனை, குறை தெரிந்தால் மட்டும்தான் பாகம் மாற்றுவார்கள், அதில் தவறில்லை. எது நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து இணையதளத்தில் மறுபடி எண்ணைப் போட்டு, அந்த ரீகால் நீங்கிவிட்டதா என்று பாருங்கள். ஒருமுறை செய்தாகிவிட்டது என்று கோப்பை மூடவும் வேண்டாம். டகாட்டாவில் ஆரம்பத்தில் மாற்றிய புது இன்ஃப்ளேட்டர்களில் சிலவும் அதே வகை என்பதால் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது.

சாஃப்ட்வேர் ரீகால் என்றால் பல நேரம் எங்கேயும் போகவே வேண்டாம். 2023 டிசம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறக்குறைய 20 லட்சம் கார்களுக்கு ஓட்டுநருக்கு உதவும் ஆட்டோபைலட் வசதி தொடர்பான ரீகாலை இணையம் வழி அப்டேட்டாகவே அனுப்பியது. வண்டிக்கு நெட் இணைப்பு இருந்தால்தான் அது வந்து சேரும். திரையில் அப்டேட் செய்தியைத் தள்ளித் தள்ளி வைப்பவர்கள் ரீகாலையும் சேர்த்துத் தள்ளி வைக்கிறார்கள்.

குழந்தை இருக்கைக்கும் டயருக்கும் தனியாக ரீகால் வரும். கார் எண்ணைப் போட்டுத் தேடினால் இவை அகப்படாது. இருக்கையின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும், அதை வைத்துக் கம்பெனியில் பதிந்துகொள்ளுங்கள். டயர் பக்கவாட்டில் பொறித்த குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம்.

பழைய கார் வாங்கும் முன்

பணம் கொடுத்த பிறகு தேடுவதைவிடக் கொடுக்கும் முன் தேடுங்கள். அமெரிக்காவில் பெரிய வாடகைக் கார் கம்பெனிகள் முடிக்காத ரீகால் உள்ள வண்டியை வாடகைக்கு விடக்கூடாது என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் பழைய கார் டீலர் அப்படிப்பட்ட வண்டியை விற்பதை அங்கே மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. ஆக, பார்க்க வேண்டியவர் வாங்குபவர்தான். முடிக்காத ரீகால் இருந்தால் வண்டியையே வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. விற்பவரையே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி முடித்துத் தரச் சொல்லுங்கள், செலவில்லாத வேலைதானே. அவர் தயங்கினால் ஏன் என்று யோசியுங்கள். பல வருடப் பழைய ரீகால் செய்யாமலேயே கிடந்தால், அந்த வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதையும் அப்படித்தான் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

நம்பகமான வண்டியைக் கண்டுபிடிப்பது

"எந்த பிராண்டு நல்லது?" என்ற கேள்வியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், தயாரிப்பு வருடம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மேலே சொன்ன ஃபோர்டு கார்களிலேயே மானுவல் கியர்பாக்ஸ் வைத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெஜோ, சிட்ரோயென் கார்களில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் எஞ்சின் இன்னொரு உதாரணம். அதில் எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடி சுழலும். பெல்ட் சிதைந்து அதன் துகள்கள் எண்ணெய் வழியை அடைத்துவிட்டதாகப் புகார்கள் குவிய, ஐரோப்பாவில் கம்பெனி அதற்கு 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு நீட்டித்தது. அதே காரில் டீசல் எஞ்சின் எடுத்தவருக்கு இந்தப் பேச்சே இல்லை.

தரவரிசைகளைப் பார்க்கலாம், ஆனால் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு. ஜெர்மனியின் வண்டிச் சோதனை அமைப்பான டுவ் தரும் அறிக்கை கட்டாயத் தகுதிச் சோதனையில் கண்ட குறைகளை வைத்து வருகிறது. அங்குள்ள கார் ஓட்டுபவர்கள் சங்கமான ஏ.டி.ஏ.சி.யின் கணக்கு சாலையில் நின்றுபோன வண்டிகளை வைத்து. அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான ஜே.டி. பவர், உரிமையாளர்கள் சொன்ன குறைகளை 100 வண்டிக்கு இத்தனை என்று கணக்கிடுகிறது. அதில் போன் இணைப்பு அறுந்துபோவதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போவதும் ஒரு குறை. மோதல் சோதனையில் வாங்கிய நட்சத்திரங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து நட்சத்திரக் காரும் வழியில் நிற்கும்.

முற்றிலும் புதிய மாடலின் முதல் வருட வண்டியை அவசரம் இல்லாவிட்டால் தவிர்ப்பது நல்லது. ஒரு வருடம் போனால் ஆரம்பக் குறைகள் வெளியே வந்து, தயாரிப்பிலேயே திருத்தியிருப்பார்கள்.

அப்புறம், உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்பது. குடும்பக் கார் என்றால் பள்ளிக்கூடம், கடை, திரும்ப வீடு. எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்துவிடுகிறோம். புகை வடிகட்டி பொருத்திய டீசல் காருக்கு இந்த ஓட்டம் எமன். படிந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய அதற்கு நீண்ட ஓட்டத்தில் கிடைக்கும் சூடு வேண்டும். கிடைக்காவிட்டால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அப்படிப்பட்டவர்கள் பெட்ரோலோ ஹைப்ரிடோ மின்சாரக் காரோ எடுப்பது நிம்மதி. குறைவாக ஓடும் வண்டிக்கு "இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லையே" என்ற கணக்கும் உதவாது. டைமிங் பெல்ட், பிரேக் திரவம், டயர் எல்லாம் நிற்கும்போதும் வயதாகின்றவை. சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மாதமும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

உங்கள் வண்டியிலேயே குறை தெரிந்தால்

ரீகால் எதுவும் இல்லை, ஆனால் வண்டி ஓடும்போதே அணைகிறது, பிரேக் மிதி அமுங்கிப் போகிறது. சர்வீஸ் சென்டரில் "எல்லா வண்டியும் அப்படித்தான்" என்கிறார்கள். முதலில், இந்தக் குறைக்குக் கம்பெனியின் சர்வீஸ் புல்லட்டின் இருக்கிறதா என்று கேளுங்கள். அது மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி அனுப்பும் பழுதுபார்ப்புக் குறிப்பு. ரீகால் போல இலவசம் என்ற உறுதி இல்லை, ஆனால் வாரண்டிக்குள் இருந்தால் செய்து தருவார்கள், குறை உங்கள் கற்பனை இல்லை என்பதற்கும் அது சாட்சி.

பிறகு அரசு அமைப்பிடம் புகார் பதியுங்கள். பல ரீகால்களுக்கு இப்படிச் சேரும் புகார்கள்தான் தொடக்கம். கோபத்தை எழுதினால் யாருக்கும் பயனில்லை. சேசிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், என்ன வேகத்தில் போனபோது, எஞ்சின் சூடாக இருந்ததா, எந்த விளக்கு எரிந்தது, அணைத்துப் போட்டதும் சரியானதா என்று எழுதுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும்போது பக்கத்தில் இருப்பவரை டேஷ்போர்டைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டுபவர் எடுக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் விடும்போதும் நீங்கள் சொன்ன வார்த்தைகளையே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சோதனை" என்று அவர்கள் எழுதிக்கொண்டால், பின்னால் அந்தக் குறைக்காகத்தான் வந்தீர்கள் என்பதற்கு ஆதாரமே இருக்காது.